ரேடியேட்டரில் அரைப் பாக்கெட் மஞ்சள்தூள்

காலை மணி 7.10. நான் முதலில் பார்த்தது உலர்ந்த சிமெண்டுத் தரையை. புக்கிட் காத்திலில் எங்கள் வரிசை வீட்டு வாசலில், காருக்கு அடியில், மூன்று வாரமாகச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தேங்கிக் கிடந்த தண்ணீர் அன்று இல்லை. முழங்கால் போட்டுக் குனிந்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். விரலால் தடவினேன். தூசிதான் ஒட்டியது. எழுந்து நின்று, மலாக்கா மாநிலத்திலேயே பெரிய போமன் நான்தான் என்ற நினைப்பில் (கார் பழுது பார்ப்பவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"லீக் நின்னுருச்சு!"

அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மெர்லிமாவில் இருந்த அவருடைய அண்ணன், என் தாய்மாமன், விடியற்காலையில் இறந்துபோயிருந்தார்.

எனக்கு எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது. இன்று இதை யாரிடமும் தயங்காமல் சொல்கிறேன். அன்று யாராவது கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். எதுவும் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவன் காரைப் பட்டறையில் கொண்டுபோய் விட்டுவிடுவான். கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறவன்தான் பானட்டைத் திறந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பான். நான் மூன்று வாரமாக அப்படி நின்றுகொண்டிருந்தேன்.

மாமாவுக்கும் அம்மாவுக்கும் ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் சொத்தும் இல்லை, பெண் கொடுத்து வாங்கிய தகராறும் இல்லை. கோயில் கமிட்டி. தோட்டத்து முனீஸ்வரர் கோயில் திருவிழாவில் சாமி லாரி எந்தப் பாதையில் போவது என்று கூட்டத்தில் பேச்சு முற்றி, மாமா என் அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அப்பா அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. அப்பா இறந்தபோது மாமா வந்து வாசலோடு நின்று திரும்பினார். அம்மா 'உள்ளே வா' என்று கூப்பிடவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு மாமாவே போன் செய்தார். "உடம்புக்கு முடியல தங்கச்சி. ஒரு நடை வந்துட்டுப் போயேன்" என்றார். அம்மா அன்றைக்கே புடவையை எடுத்து வைத்தார். நான்தான், "காடி தண்ணி ஒழுகுதும்மா. சரி பண்ணிட்டுப் போவோம்" என்றேன். (எங்கள் பேச்சில் கார் என்றால் காடி.) அடுத்த வாரமும் அதைச் சொன்னேன். அதற்கடுத்த வாரமும்.

சரி பண்ணினேனா என்றால், பண்ணிக்கொண்டிருந்தேன். முதல் வாரம், அது ஏர்கோன் (ஏசி) தண்ணீர் என்று தீர்மானித்தேன். ஏர்கோன் ஓடினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது இயற்கை. இந்த வெயிலில் சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சொட்டிய தண்ணீரும் சுத்தமாக, நிறமில்லாமல் இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் என்றால் பச்சையாகவோ சிவப்பாகவோ இருக்குமே என்று இணையத்தில் பார்த்த அறிவோடு எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

இதில் ஒரே ஒரு சிக்கல். எங்கள் காரில் கூலண்ட் என்ற பொருள் ஒருநாளும் இருந்ததில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த எங்கள் குடும்பங்களில் ரேடியேட்டர் என்பது பைப் தண்ணீர் ஊற்றுகிற பாத்திரம். அப்பா ஊற்றினார், நானும் ஊற்றினேன். "கூலண்டு கீலண்டெல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம்லா" என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பைப் தண்ணீரை ஊற்றினால் பைப் தண்ணீர்தான் ஒழுகும். அது ஏர்கோன் தண்ணீரைப் போலவேதான் இருக்கும். ஏர்கோனைப் போடாமல் ஒருநாள் ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆனால் மலாக்காவில் ஏர்கோனைப் போடாமல் ஒருநாள் ஓட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது வாரம், பானட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தொட்டியில் தண்ணீர் குறைவதைக் கண்டுபிடித்தேன். காலையில் நிரப்பினால் மறுநாள் பாதி. பிரச்சினையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் தினமும் நிரப்பினேன். அதைப் பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுப் பெருமாள் அங்கிள் வந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்து லாரி ஓட்டியவர். இப்போது எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், யார் பானட்டைத் திறந்தாலும், திறக்கும் சத்தம் கேட்டு வந்துவிடுவார்.

"ரேடியேட்டர்ல ஊசி ஓட்டை, மோகன்" என்றார், குனியாமலே.

"எப்படி அங்கிள் பார்க்காமலே சொல்றீங்க?"

"நாப்பது வருஷம் லாரி ஓட்டுனவன் குனியணுமா? மஞ்சத்தூள் இருக்கா வீட்டுல?"

"எதுக்கு?"

"ஒரு ஸ்பூன் போடு. சூட்டுல உப்பி ஓட்டையில போய் உக்காந்துக்கும். தோட்டத்து லாரிக்கெல்லாம் அதான். முட்டையும் உடைச்சு ஊத்தலாம். ஆனா நீ சைவம் இல்ல செவ்வாய்க்கிழமை?"

அன்று செவ்வாய்க்கிழமைதான். ஆகவே மஞ்சள். ஒரு ஸ்பூன் போட்டேன். புதன்கிழமை ஒழுகியது. வியாழக்கிழமை ஒழுகியது. வியாழன் இரவு வேலை முடிந்து வந்து, ஒரு ஸ்பூனுக்கு நிற்காதது அரைப் பாக்கெட்டுக்கு நிற்கும் என்ற கணக்கில் அரைப் பாக்கெட்டைக் கொட்டினேன். என் மனைவி கவிதா சமையலறையில் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, "நாளைக்கு மீன் குழம்பு வைக்கலாம்னு இருந்தேன்" என்றாள். "கார் முக்கியமா, குழம்பு முக்கியமா?" என்றேன். வெள்ளிக்கிழமை பொது விடுமுறை. வீட்டிலேயே கிடந்தேன். சனிக்கிழமை காலை தரை உலர்ந்திருந்தது. அந்தக் காலையில்தான் மாமா இறந்த செய்தி வந்தது.

மாமாவின் மகன் சேகர் போனில் விவரம் சொன்னான். மின்சுடலையில் நேரம் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு வீட்டிலிருந்து தூக்கியாக வேண்டும். "அத்தையை எப்படியாச்சும் முகம் பார்க்கக் கூட்டிட்டு வந்துருங்க மச்சான். ஆள் அனுப்பவா?"

"நம்ம காடி இருக்கும்போது எதுக்கு?" என்றேன்.

கவிதாவுக்கு அன்று ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட். உடன் வேலை செய்யும் பெண் வந்து ஏற்றிக்கொண்டு போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது கவிதா காரை ஒரு பார்வை பார்த்தாள். "பேசாம சேகரையே வரச் சொல்லுங்களேன்."

"லீக் நின்னுருச்சுன்னு சொன்னேன்ல?"

"ஆமா, சொன்னீங்க" என்றாள்.

மெர்லிமாவுக்கு முக்கால் மணி நேரப் பாதை. எட்டு மணிக்கே கிளம்பியிருக்கலாம். நான் காரைக் கழுவினேன். (சாவு வீட்டில் ஐம்பது பேர் நிற்பார்கள். ஆறு வருடம் கழித்துப் போகிறோம். கார் தூசியாக நின்றால் நன்றாகவா இருக்கும்?) டயருக்குக் கறுப்புக்கூட அடித்தேன். அம்மா வெள்ளைப் புடவையில், வாசல் படியில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒருமுறை மட்டும், "போதும் தம்பி" என்றார். பிறகு டவுனுக்குள் போய் மாலை வாங்கினோம். பெரிய மாலையாக வேண்டும் என்று அம்மா கேட்டு வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது மணி பதினொன்று.

உம்பாய் ஊரைத் தாண்டும் வரை நான் சந்தோஷமாகவே ஓட்டினேன். தாண்டியதும் சூடு காட்டும் முள் நடுவிலிருந்து கொஞ்சம் மேலே ஏறியது. தட்டிப் பார்த்தேன். தட்டினால் முள் இறங்கும் என்று யார் சொன்னது என்று இப்போதும் தெரியவில்லை. இறங்கவில்லை. ஏர்கோனை அணைத்தேன்.

"ஏன்டா புழுங்குது?"

"ஏர்கோன் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்மா."

கண்ணாடியை இறக்கினேன். வெளிக்காற்றோடு ஒரு வாசனையும் வந்தது. அம்மா மூக்கை உறிஞ்சினார்.

"யாரு வீட்டுலயோ ரசம் தாளிக்கிறாங்க."

இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு வீடு இல்லை. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் பானட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. சாலை ஓரத்தில் நிறுத்தினேன்.

சேகர் போன் செய்தான். "மச்சான், எங்க இருக்கீங்க?"

"ஆன் த வே மச்சான். செர்காம் தாண்டிட்டோம்."

செர்காம் இன்னும் வரவில்லை. நம்மில் யாரும் இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்வதில்லை. குளிக்கப் போகும்போதே 'கிளம்பிட்டேன்' என்போம். கிளம்பும்போது 'பக்கத்துல வந்துட்டேன்' என்போம். கேட்கிறவருக்கும் அது தெரியும். கழித்துத்தான் கணக்குப் போடுவார். ஆனால் துக்க வீட்டில் தலைமகனாக நிற்கிறவனுக்கு அன்றைக்குக் கழித்துப் பார்க்க நேரம் இருக்காது. அவன் நான் சொன்னதை அப்படியே நம்பினான்.

"குரல் ஒரு மாதிரி இருக்கே. காடி ஏதும் பிரச்சினையா? இங்க பசங்க சும்மாதான் நிக்கிறாங்க, அனுப்பட்டுமா?"

"சேச்சே. நீ அங்க வேலையைப் பாரு. இதோ வந்துட்டோம்."

பானட்டைத் திறந்தேன். ரசம் வாசனை அங்கிருந்துதான் வந்தது. ஆறும் வரை காத்திருக்க வேண்டும், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மூடியின் மேலேயே படம் போட்டு எழுதியிருந்தது. ஆகவே காத்திருந்தேன். கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை என்று வந்தது.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். முன்கூடையில் இரண்டு சீப்பு வாழைப்பழம்.

"என்னா தம்பி, சூடாயிருச்சா?"

"லேசாண்ணே. ஆறட்டும்னு பார்க்கிறேன்."

அவர் அம்மாவின் வெள்ளைப் புடவையையும் கையிலிருந்த மாலையையும் பார்த்தார். "சாவு வீட்டுக்கா? எங்க?"

"மெர்லிமாவ்ங்க. எங்க அண்ணன்" என்றார் அம்மா.

"எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க?"

"பன்னெண்டுக்கு."

"அப்புறம் என்னக்கா நிக்கிறீங்க? நான் மெர்லிமாவ்தான் போறேன். ஏறுங்க, வீட்டு வாசல்லயே இறக்கி விட்டுர்றேன்."

அம்மா மாலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினார். நான் அதைப் பார்த்தேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. மோட்டாரில் ஏறி எத்தனையோ வருடம் இருக்கும். ஏறத் தயாராக நின்றார்.

"வேணாம்மா" என்றேன். "முழங்காலை வச்சுக்கிட்டு எப்படி ஏறுவ? ஹெல்மெட் வேற இல்ல."

"ஹெல்மெட் இன்னொண்ணு இருக்குலா தம்பி" என்று அவர் சீட்டைத் திறந்து காட்டினார்.

"இல்லண்ணே. அஞ்சே நிமிஷம். தண்ணி ஊத்துனா ஓடிரும். ரொம்ப தேங்ஸ்."

ஆறு வருடம் கழித்து அம்மா அண்ணன் வீட்டுக்குப் போகிறார். யாரோ ஒருவரின் மோட்டாரில், வாழைப்பழச் சீப்புக்குப் பின்னால் உட்கார்ந்து போய் இறங்குவதா? மகன் என்ன செய்கிறான் என்று நாலு பேர் கேட்க மாட்டார்களா? என் மண்டையில் அன்று ஓடியது இதுதான். முழங்காலைப் பற்றி நான் பேசினேன், நினைக்கவில்லை.

அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அக்கா?"

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கொசுவத்தை எடுத்து இறக்கிவிட்டார். "தம்பிதான் சொல்றானே. நீங்க போங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"பார்த்து வாங்கக்கா" என்று அவர் போனார். மோட்டார் சத்தம் பனைகளுக்கு நடுவே வெகுநேரம் கேட்டது.

நான் சொன்ன ஐந்து நிமிடத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இப்போது எனக்கு வந்துவிட்டது. எஞ்சின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. துண்டை நனைத்து மூடியின் மேல் போட்டு, கால் சுற்றுத் திருப்பினேன்.

பத்திரிகையில் செய்தி எழுதிய காலத்தில் எத்தனையோ வெடி விபத்துகளை 'பயங்கர சத்தத்துடன்' என்று எழுதியிருக்கிறேன். இதில் அப்படிச் சத்தமே இல்லை. 'உஸ்' என்றது. அவ்வளவுதான். துண்டும் மூடியும் மேலே போயின. அவற்றுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு தூண் எழும்பியது. நான் பின்னால் பாய்ந்ததில் முகம் தப்பியது. மணிக்கட்டு தப்பவில்லை. என் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நான் கழுவிய பானட், கறுப்பு அடித்த டயர் எல்லாம் மஞ்சள். தள்ளி நின்ற அம்மாவின் புடவையில் இடுப்பிலிருந்து முந்தானை வரை புள்ளி புள்ளியாக மஞ்சள். மாலையிலும்.

"என்னடா இது?" என்றார் அம்மா.

"மஞ்சள்மா."

"காடிக்குள்ள ஏன்டா மஞ்சள்?"

சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார். முந்தானையால் மாலையைத் துடைத்தார். அப்போதாவது சேகரைக் கூப்பிட்டிருக்கலாம். காரில் ஒரு பெரிய போத்தல் தண்ணீர் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்தது. இன்னும் சில்லென்று இருந்தது. கொதிக்கிற எஞ்சினுக்குள் அதை முழுதும் ஊற்றினேன். உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நல்ல சத்தமாகத்தான் எனக்குப் பட்டது. ஏதோ ஒன்று சரியான இடத்தில் போய் உட்கார்ந்த மாதிரி.

கார் கிளம்பியது. "பார்த்தியா?" என்றேன். அம்மா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். செர்காம் உண்மையாகவே வந்தது, போனது. பின்கண்ணாடியில் வெள்ளைப் புகை தெரிந்தது. பின்னால் வந்த லாரி விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. வேகம் குறைந்தது. மெர்லிமாவ் டவுனுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது எஞ்சின் ஒருமுறை உதறிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பினேன். கார் எந்தப் பதிலும் சொல்லவில்லை.

சேகருக்கு நானே போன் செய்தேன்.

"மச்சான், செர்காம் தாண்டிட்டோம், காடி நின்னுருச்சு."

அந்தப் பக்கம் சங்கு ஊதுகிற சத்தம். "அரை மணி நேரம் முந்தியே செர்காம் தாண்டிட்டேன்னீங்களே மச்சான்" என்றான் அவன். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருந்தோம். இப்ப தூக்கிட்டாங்க. வாசலைத் தாண்டப் போறாங்க. இருங்க, வீடியோ போடுறேன். அத்தையைப் பார்க்கச் சொல்லுங்க."

கைப்பேசியை அம்மா கையில் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். படம் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. தோள்கள், பந்தல் துணி, யாரோ ஒருவரின் முதுகு. பிறகு கூட்டம் விலகி மாமாவின் முகம் வந்தது. நெற்றியில் திருநீறு, கண் மூடிய முகம். படம் அப்படியே நின்றது.

"அண்ணே" என்றார் அம்மா. விரலை நீட்டி அந்தக் கன்னத்தைத் தடவினார். விரல் கீழே இறங்கி, சிவப்புப் பொத்தானில் பட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

"எங்கடா? எங்க போச்சு?"

நான் வாங்கி மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாவது முறை எடுத்தபோது திரையில் சாலையும் செருப்புக் கால்களும் தெரிந்தன. பறைச் சத்தம் தூரத்தில் கேட்டது. "வண்டியில ஏத்திட்டாங்க மச்சான்" என்றான் சேகர்.

இழுவை லாரி வந்தது. ஓட்டி வந்த மலாய்க்காரர் அம்மாவைப் பார்த்ததும், "மாச்சிக், டுடுக் டெப்பான்" (அம்மா, முன்னால் உட்காருங்கள்) என்று கதவைத் திறந்து, கை கொடுத்து முன்னிருக்கையில் ஏற்றினார். அம்மா ஏறினார். முழங்கால் அப்படியொன்றும் தடுக்கவில்லை. பட்டறைக்குப் போவதற்கு முன் துக்க வீட்டில் இறக்கிவிடச் சொன்னோம். ஆறு வருடம் கழித்து அண்ணன் வீட்டுக்கு அம்மா அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்: இழுவை லாரியின் முன்னிருக்கையில், மஞ்சள் புள்ளி போட்ட வெள்ளைப் புடவையில், பின்னால் நான் கழுவிப் பளபளவென்று வைத்த கார் தொங்க.

ஆண்கள் எல்லோரும் மின்சுடலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் வாசலைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி நின்ற இடத்தில் காரின் மூக்கிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டி, அவர்கள் கழுவிய தண்ணீரோடு சேர்ந்து ஓடியது. துடைப்பத்தோடு நின்ற ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "எடுத்த வீட்டுக்கு மஞ்சத் தண்ணி தெளிக்கக் காடியே வந்துருச்சு பாருடி" என்றாள். பக்கத்தில் நின்றவள் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை, மாமாவின் மனைவி, உள்ளேயிருந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். "தெனம் கேட்டாரு நாத்தனா. வருவா, காடி ரிப்பேர்னு மோகன் சொல்லியிருக்கான், சரியானதும் வருவான்னு அவரே சொல்லிக்குவாரு" என்றார். அம்மா மாலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு யாரோ வாங்கி, கூடத்தில் விளக்கு எரிந்த இடத்தில் வைத்தார்கள். நான் வாசலில் நின்றேன். என் உடுப்பைப் பார்த்த ஒரு சின்னப் பெண், "அங்கிள், ஹோலியா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை ஆயர் குரோவில் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் என் வயதுக்காரர், நல்ல சத்தக்காரர். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றை அடித்தார். எஞ்சின் சூடாகும்போது உள்ளே ஏறுகிற அழுத்தத்தை அது எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஏற்றுமாம். அடித்து முடிப்பதற்குள் அடிப்பக்கம் மஞ்சள் சொட்டு விழுந்தது. கையை உள்ளே விட்டுக் காட்டினார். ரேடியேட்டரின் கீழ்க்குழாயைப் பிடித்திருக்கும் கிளிப். துருப்பிடித்து, தளர்ந்து போயிருந்தது.

"இதாண்ணே லீக்."

"ரேடியேட்டர்ல ஊசி ஓட்டைன்னாங்களே?"

"ரேடியேட்டர் கல்லு மாதிரி இருக்கு. இருந்துச்சு. இப்ப இல்ல." மேலே திறந்து விளக்கை அடித்தார். உள்ளே குழாய் வாயெல்லாம் மஞ்சள் களிம்பு. அவர் தலையை நிமிர்த்திப் பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "டேய், எல்லாரும் வாங்கடா! ரேடியேட்டர்ல குழம்பு வச்சிருக்காரு ஒருத்தர்!"

எல்லோரும் வந்தார்கள். பக்கத்துக் கடை டயர்க்காரரும் வந்தார். ஒருவர் விரலால் தொட்டு முகர்ந்து, "மல்லித்தூள் போடலியாண்ணே?" என்றார். பட்டறைக்காரர் படம் எடுத்துத் தன் வாட்சாப் ஸ்டேட்டஸில் போட்டார். என் கண் முன்னாலேயே.

"சனிக்கிழமை காலையில தரை காஞ்சிருந்துச்சே. எப்படி?" என்று கேட்டேன். எனக்கு அது ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும்.

"வெள்ளிக்கிழமை ஓட்டுனீங்களா?"

"இல்ல. லீவு."

"ஓடாத காடி எப்படிண்ணே ஒழுகும்?"

மஞ்சள் அடைத்ததால் சூடேறியது. சூட்டில் ஐஸ் தண்ணீர் ஊற்றியதால் எஞ்சினின் தலைப்பகுதி விரிசல் விட்டது. இதையும் அவர் சொன்னார். ஒழுகல் மட்டும் என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதுமாம். கிளிப்பை இறுக்கிவிட்டு, தண்ணீரை நிரப்பி, மெர்லிமாவுக்குப் போய்த் திரும்பியிருக்கலாமாம். "ஸ்க்ரூ டிரைவர் இருக்கா வீட்டுல?" என்று கேட்டார். இருக்கிறது. ஒரு செட்டே இருக்கிறது.

அந்த ஸ்டேட்டஸ் எப்படியோ சுற்றிச் சொந்தக்காரர்களின் வாட்சாப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பில் நிறம் குறைந்தால், "அப்பா காடியில இருந்து ஒரு கரண்டி எடுத்துட்டு வரவா?" என்று என் மகள் கேட்கிறாள். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் சேகர், "மச்சான் வந்துட்டாரு, மஞ்சள் பத்திரம்" என்கிறான். பெருமாள் அங்கிள் மட்டும், "நான் ஒரு ஸ்பூன்தான் சொன்னேன்" என்று தாமான் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவும் இந்தக் கதையைச் சொல்கிறார். எங்களில் யாரைவிடவும் நன்றாகச் சொல்கிறார். ரசம் வாசனை, மஞ்சள் தூண், இழுவை லாரி எல்லாம் வரும். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மோட்டாரில் வந்தவரை மட்டும் அவர் ஒருமுறையும் சொன்னதில்லை. நானும் எடுத்துக் கொடுத்ததில்லை.

மாமாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. புது ரேடியேட்டர், புது கிளிப், பச்சை நிறத்தில் அசல் கூலண்ட். காரியத்தன்று காலை நான் எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. முதல் பஸ் பிடித்து மெர்லிமாவுக்குப் போயிருந்தார்.